விரைவு சார்ஜ் வீட்டு வேலையல்ல



2015ஆம் ஆண்டளவில் பாவித்த நிலையில் நம் நாட்டுக்கு வந்த நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் 24 கிலோவாற்று மணி பற்றரியை வீட்டு மின்சாரத்தில் நிரப்ப எட்டு மணித்தியாலமளவில் வேண்டும். விரைவு சார்ஜ் நிலையத்தில் அரை மணித்தியாலமளவில் பெரும்பகுதி நிரம்பிவிடும். "அதை வீட்டிலேயே செய்தால் என்ன?" என்று மகனோ தம்பியோ கேட்கலாம்.

நிலையத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது கார்தான். பற்றரியின் சூட்டைப் பார்த்து, எவ்வளவு மின்சாரம் வேண்டுமென்று அது சொல்லும். நிலையம் அதன்படி கொடுக்கும். அதைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்தால், அளவு மீறும்போது தடுப்பதற்கு எதுவுமில்லை. பற்றரி தீப்பிடிக்கலாம். அதிலுள்ள ஏறத்தாழ 360 வோல்ற் நேரோட்ட மின்சாரம் உயிரைப் பறிக்கும். காரை நிறுத்தினாலும் அது பற்றரிக்குள் இருக்கும்.

லீஃப் பற்றரியைக் குளிர்விக்க நீரோ விசிறியோ இல்லை. சூடு ஏற ஏற, பழைய பற்றரி இன்னும் தேயும்.

ஆகவே இரவில் ஆறுதலாக ஏற்றுங்கள். நீட்டு வயர் வேண்டாம். காருக்கெனத் தனி இணைப்பு, ஏர்த், ட்ரிப் சுவிச் ஆகியவற்றைத் தேர்ச்சியுள்ள எலக்ரீசியனைக் கொண்டு சரிபாருங்கள். செம்மஞ்சள் நிற வயர்களை எவரும் தொடக்கூடாது.

உழைப்பவரை ஒருமுறை இழந்த வீடு இன்னோர் இழப்பைத் தாங்காது. "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லுங்கள்.