எந்தக் கருப்பசாமி?

"கருப்பசாமி வீடு எதுங்க?"

"எந்தக் கருப்பசாமி?"

கடமலைக்குண்டுக்கு ஆள் தேடி வருகிறவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேனியிலிருந்து கண்டமனூர் வழியாக வருசநாடு போகும் சாலையில், மூல வைகை ஆற்றை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். ஆகவே, தெருவுக்கு ஒரு கருப்பசாமி இருப்பார். வீட்டுக்கு ஒரு பேச்சியம்மாள் இருப்பார்.

அதனால் ஊரில் குழப்பம் உண்டா? இல்லை!

"பஞ்சுக்கடைக் கருப்பசாமியா? டெய்லர் கருப்பசாமியா? ஆற்றங்கரைக் கருப்பசாமியா?"

பெயருக்கு முன்னால் ஓர் அடையாளம். அவ்வளவுதான், ஆள் தெரிந்துவிடும். "அந்தப் பெயர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, உன் பெயரை மாற்றிக்கொள்" என்று எந்த ஊரும் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

அப்படிச் சொல்வது எது தெரியுமா? செல்போன்!

பெயருக்குப் பூட்டு

செல்போனில் பேசிக்கொள்ளவும் எழுதிக்கொள்ளவும் பல செயலிகள் இருக்கின்றன. டெலிகிராம், டிஸ்கார்டு போன்றவை அந்த வகை. இவற்றில் ஒருவர் இரண்டு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, திரையில் தெரியும் பெயர். அது எந்த மொழியிலும் இருக்கலாம். மற்றொன்று, "பயனர் பெயர்". அதைக் கொண்டுதான் மற்றவர்கள் அவரைத் தேடிப் பிடிப்பார்கள். அந்தப் பெயர் உலகத்திலேயே ஒருவருக்குத்தான்.

இலவம் பஞ்சு வியாபாரம் செய்யும் ஒரு கருப்பசாமி இப்படிப்பட்ட செயலியில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். "இந்தப் பெயர் கிடைக்காது" என்று பதில் வருகிறது. யாரோ, எங்கோ, முன்பே எடுத்துக்கொண்டார். பிறந்த வருஷத்தைச் சேர்க்கிறார். அதுவும் இல்லை. நடுவில் ஒரு கோடு போடுகிறார். அதுவும் இல்லை. கடைசியில் கிடைப்பது, அவராலேயே இரண்டாம் முறை சொல்ல முடியாத ஒரு பெயர்!

பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் என்ற பெயர் உண்டு. 1895-ம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேய என்ஜினீயரின் பெயர் அது. நன்றி மறவாத குடும்பங்கள் அதைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். நன்றிக்காக வைத்த பெயரை ஒருவர் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றால், மற்றவர்கள் எங்கே போவார்கள்?

பந்திக்கு முந்தியவர்கள்

இந்த வழக்கம் எப்படி வந்தது?

1988-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர், ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை உண்டாக்கினார். அங்கே ஒரே நேரத்தில் ஒரு பெயரில் ஒருவர்தான் இருக்க முடியும். அன்று அங்கே பேசியவர்கள் கொஞ்சம் பேர். யாருக்கும் கஷ்டம் இல்லை.

இன்று பேசுகிறவர்கள் கோடிக்கணக்கானவர்கள். இன்னும் "முந்தியவருக்கே பெயர்" என்றால் அது நியாயமா? இன்டர்நெட் முதலில் வந்த நாடுகளுக்கும் நகரங்களுக்கும் நல்ல பெயர்கள் போய்விட்டன. பிந்தி வந்த கிராமத்தாருக்கு எஞ்சியது மிச்சம் மீதி.

போதாக்குறைக்கு, டெலிகிராமின் பயனர் பெயர்களை ஏலத்தில் வாங்கவும் 2022-ம் ஆண்டு வழி பிறந்தது. முந்தியவருக்குப் பெயர் என்பது போய், பணம் உள்ளவருக்குப் பெயர் என்று ஆயிற்று!

ஒரே பெயரால் மோசடி ஒழியுமா?

"ஒரு பெயர் ஒருவருக்கே என்றால்தான் போலி ஆசாமிகள் வரமாட்டார்கள்" என்று சிலர் சொல்வார்கள்.

அது வீண் நம்பிக்கை. ஆங்கிலத்தில் "எல்" என்ற சிறிய எழுத்தும், 1 என்ற எண்ணும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, அதே புகைப்படத்தையும் ஒட்டிக்கொண்டு, "அண்ணே, அவசரம். 5,000 ரூபாய் அனுப்புங்க" என்று எழுதினால், எத்தனை பேர் எழுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள்? பெயரை நம்பிப் பணத்தை அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே, பெயரைப் பூட்டுவதால் நல்லவருக்குத்தான் தொந்தரவு. திருடன் ஜன்னல் வழியாக வந்துவிடுகிறான்.

எண் பலகை சொல்லும் பாடம்

தேனிச் சந்தையில் ஒரே நிறத்தில், ஒரே கம்பெனி மோட்டார் சைக்கிள்கள் நூறு நிற்கலாம். யாருடைய வண்டி எது என்று எப்படித் தெரிகிறது? எண் பலகையால்! டி.என். 60 என்பது தேனி வண்டிகளுக்குப் பொது. அதன் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் சேர்ந்து, வண்டி எது என்று காட்டிவிடும். அதே நம்பர் இன்னொரு வண்டிக்குக் கிடையாது.

செயலிகளும் இதைத்தான் செய்ய வேண்டும். பெயர் எல்லாருக்கும் பொது. எண் ஒருவருக்கே சொந்தம். எத்தனை கருப்பசாமி வந்தாலும் வரட்டும். ஒவ்வொருவருக்கும் செயலியே ஓர் எண் கொடுக்கட்டும்.

2015-ம் ஆண்டு தொடங்கிய டிஸ்கார்டு முதலில் இந்த வழியில்தான் போயிற்று. பெயருக்குப் பின்னால் நான்கு இலக்க எண் வைத்தது. ஒரே பெயரில் சுமார் 10,000 பேர் இருக்க முடிந்தது. 2023-ம் ஆண்டு அதைக் கைவிட்டு, "ஒரு பெயர் ஒருவருக்கே" என்று மாறிவிட்டது. தன் எண் நினைவில்லாதவர்களும், அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாதவர்களும் 100-க்கு 40-க்கு மேல் என்று காரணம் சொன்னது.

காரணம் உண்மைதான். ஆனால் மறதிக்கு மருந்து வேறு. டீக்கடையில் கட்டம் கட்டமாக ஒரு படம் ஒட்டியிருக்கிறது. கியூ.ஆர். கோடு என்பார்கள். செல்போனைக் காட்டினால் பணம் போகிறது. கடைக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? அதே படத்தைக் காட்டி நண்பரையும் சேர்த்துக்கொள்ளலாமே!

சிக்னல் என்ற செயலி 2024-ம் ஆண்டு பயனர் பெயர் கொண்டுவந்தது. பெயரின் முடிவில் குறைந்தது இரண்டு எண்கள் இருக்க வேண்டும் என்று விதித்தது. கியூ.ஆர். கோடும் கொடுத்தது. நல்ல வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

பழைய பெயரைப் புதியவருக்குத் தரலாமா?

2013-ம் ஆண்டு யாஹு கம்பெனி, ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாத பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுத்தது. நடந்தது என்ன? பழையவருக்கு வந்த சொந்தக் கடிதங்கள் புதியவர் கைக்குப் போயின!

செல்போன் நம்பரிலும் இந்தச் சங்கடம் உண்டு. இந்தியாவில் துண்டித்த நம்பரை 90 நாட்களுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். நம்பர்கள் கணக்காகத்தான் இருக்கின்றன. மறுபடி கொடுப்பதைத் தவிர்ப்பது கடினம். செயலியின் எண்ணுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்கு எந்த நாளும் கொடுக்கக் கூடாது.

தமிழுக்கும் இடம் வேண்டும்

டெலிகிராம், டிஸ்கார்டு இரண்டிலும் பயனர் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பேச்சியம்மாள் என்ன செய்வார்? தன் பெயரைத் தானே தேட முடியாதே!

தமிழில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ".இலங்கை", ".இந்தியா", ".சிங்கப்பூர்" என்று முடியும் இணைய முகவரிகளுக்கு 2010, 2011-ம் ஆண்டுகளிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு கவனம் தேவை. "௧" என்ற தமிழ் எண்ணும் "க" என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று. "௭" என்ற எண்ணும் "எ" என்ற எழுத்தும் அப்படியே. பயனர் பெயரில் தமிழ் எண்களை விலக்கிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கேட்டுவிட்டுப் பேசு

இன்னும் ஒரு வேலை பாக்கி. பஞ்சு வியாபாரியின் சினேகிதரிடம் புதிதாக ஒரு கருப்பசாமி வந்து பேசினால், செயலியே குறுக்கிட வேண்டும். "நீங்கள் முன்பு பேசிய கருப்பசாமி வேறு, இவர் வேறு" என்று தமிழில், பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். கம்பெனிகளுக்கு இது பெரிய செலவல்ல.

அதுவரை மக்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். பணம் கேட்டு எழுதினால், தெரிந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுக் குரலைக் கேட்க வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐக் கூப்பிட வேண்டும். சைபர் மோசடியைப் புகார் செய்யும் எண் அதுதான்.

கடமலைக்குண்டுப் பாட்டிக்குச் செயலி தெரியாது. ஆனால் வாசலில் யாராவது வந்து, "கருப்பசாமி அனுப்பினார்" என்று சொன்னால், கதவைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்.

"எந்தக் கருப்பசாமி?"

அந்தக் கேள்வியைச் செல்போனும் கேட்கப் பழக வேண்டும்!