அம்மாவின் கைப்பேசி எந்த மொழி பேசுகிறது?

வீட்டில் யாருக்குக் கைப்பேசி வாங்குவதென்றாலும், தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. நாமும் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறோம். விலை, நினைவகம், மின்கலம், படக்கருவி என அட்டவணை போட்டு ஒப்பிடுகிறோம். ஆனால், ஒரு கேள்வி மட்டும் அந்த அட்டவணையில் இடம்பெறுவதே இல்லை. இதைப் பயன்படுத்தப் போகிறவர் எந்த மொழியில் படிப்பார்?

கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் மூன்று கைப்பேசிகள் வாங்கினோம். அப்பா லாரி ஓட்டுநர். அவருக்கு நாள் முழுதும் தாங்கும் மின்கலமும் உரத்த ஒலிபெருக்கியும் போதும். ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பிக்கோ 108 மெகாபிக்சல் படக்கருவி வேண்டுமாம். அத்தகைய கருவிகள் பொதுவாக ஒன்பது படப்புள்ளிகளை ஒன்றாக இணைத்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன என்று விளக்கினேன். அவன் முகம் வாடியது. எங்களுக்குச் சில நூறு ரிங்கிட் மிச்சமானது.

விளம்பரம் உரக்கச் சொல்லாத இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு மேம்பாடு எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்? 2024இல் வந்த சாம்சுங் கேலக்சி எஸ்24 வரிசைக்கு 7 ஆண்டுகள் என அறிவித்தார்கள். மலிவான கைப்பேசிகள் பலவற்றுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. வங்கிக் கணக்கே கைப்பேசிக்குள் வந்துவிட்ட காலத்தில் இது படக்கருவியைவிட முக்கியமல்லவா?

இனி அம்மாவுக்கு வருவோம். அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். தமிழ் நாளேட்டை முதல் பக்கம் தொடங்கி மரண அறிவிப்புவரை விடாமல் வாசிப்பார். அப்படிப்பட்டவர், கையில் கைப்பேசி வந்ததும், "ஐயா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று நீட்டுகிறார். தனக்கு வந்த செய்தியைத் தானே படிக்க முடியாதவருக்கு இரகசியம் என்று ஒன்று இருக்க முடியுமா? படிக்கத் தெரிந்த ஒருவரை, மொழித் தேர்வு ஒன்று படிக்கத் தெரியாதவராக்கிவிடுகிறது. புரியாத அறிவிப்பில் 'சரி' என்று அழுத்துவோரைத்தானே மோசடிக்காரர்களும் தேடுகிறார்கள்?

தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல வழியில்லை. நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005லேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டது. இன்று பெரும்பாலான ஆண்டிராய்டு கைப்பேசிகளின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

"ஆங்கிலத்தையும் மலாயையும் பழகிக்கொள்ளட்டுமே" என்பார் சிலர். பழகட்டும், நல்லதுதான். அதற்காக ஐம்பது வயதில் ஒருவர் தம் பிள்ளையின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா? 'அமைப்புகள்', 'அறிவிப்புகள்' போன்ற சொற்கள் விளங்கவில்லை என்பாரும் உண்டு. அம்மாவும் முதலில் அதையேதான் சொன்னார். இரண்டே வாரத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தைத் தாமே கண்டுபிடித்துவிட்டார்.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. வங்கிச் செயலிகள் பல மலாயிலும் ஆங்கிலத்திலுமே இயங்குகின்றன. அங்கே பிள்ளைகளாகிய நாம்தான் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். அவர் கையிலிருந்து பிடுங்கி நாமே செய்து முடிப்பது உதவியாகாது.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, பிறகு தேசியப் பள்ளிக்குச் சென்றவர்கள் நம்மில் பலர். மூன்று மொழிகளும் நமக்குக் கைவந்தவை. எந்த மொழியில் இருந்தாலும் சமாளித்துவிடுவோம். அதனாலேயே, சமாளிக்க முடியாதவர்களை மறந்துவிடுகிறோம். தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்கும் நாம், இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அம்மாவின் கைப்பேசியை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்ப்போம். அவர் விரும்பினால், மொழியை மாற்றிக் கொடுப்போம்.