துறையில் கட்டிய தோணி

பனையோலைப் பெட்டி வாங்கத்தான் தோணிரேவுக்குப் போனேன். பழவேற்காட்டை ஒட்டிய அந்த ஊரில் பெண்கள் முடையும் பெட்டி அத்தனை நேர்த்தி. நான் கேட்ட அளவு முடிய இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். திண்ணையில் இருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏரியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடித்தே காலம் கழித்தவர். எனக்கோ சில வாரங்களாக நெஞ்சுப் படபடப்பு. ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை ஏனோ அவரிடம் சொன்னேன்.

"மூஞ்சிய தண்ணில முக்கி மூச்சப் புடி சார். தானா அடங்கும். தண்ணிக்குள்ள தலை போனா நெஞ்சு மெதுவாத்தான் அடிக்கும்."

வீட்டுக்கு வந்ததும், கொரோனா காலத்தில் வாங்கிய, நாடித் துடிப்பைக் காட்டும் கருவியை விரலில் மாட்டிக்கொண்டு, ஐஸ் போட்ட வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினேன். மனைவி எண்களை வாசித்தாள்: 82, 73, 64. "போதும், எழுந்திருங்க" என்றாள்.

நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் குளிர்நீர் பட்டால் முகத்து நரம்பு வழியாக மூளையடியில் உள்ள முகுளத்துக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குகிறது. மூச்சில்லாத நேரத்தில் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஏற்பாடு இது. திமிங்கிலத்துக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஏரித் தண்ணீர் ஐஸ் அளவுக்குக் குளிராது. ஆனால் மூச்சை அடக்கி முகத்தை நனைத்தாலே ஓரளவு வேலை செய்யும். பெரியவர் சொன்னது சரிதான்.

மூளை "அடி" என்றால் இதயம் அடிக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு யாரும் சொல்லாமலே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிப்பைக் கிளப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70 இருப்பது வேகஸ் இழுத்துப் பிடித்திருப்பதால். தெலுங்கில் ரேவு என்றால் படகுத்துறை. இதயமும் துறையில் கட்டிய தோணி மாதிரிதான், வேகஸ்தான் கயிறு. நாய் துரத்தினால் முதலில் நடப்பது தோணியைத் தள்ளுவதல்ல, கயிற்றைத் தளர்த்துவது. ஓரிரு துடிப்புக்குள் வேகம் ஏறிவிடும். பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து தள்ளத் தொடங்க இன்னும் சில விநாடிகள் ஆகும்.

கயிறே இல்லாத தோணியும் உண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரனின் தானமாகத் தரப்பட்ட இதயம், போலீஸார் வழி ஒதுக்கித் தர, 11 நிமிடத்தில் முகப்பேர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சென்னை மறந்திருக்காது. மாற்று இதயத்துக்கு ரத்தக் குழாய்களைத் தைக்கலாம், நரம்புகளைத் தைக்க முடியாது. அதனால் அப்படி இதயம் பெற்றவர்களுக்கு, ஓய்விலும் துடிப்பு 90, 100 என்றே நிற்கும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் பிடிக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் கூடும். இறங்கி உட்கார்ந்தாலும் உடனே தணியாது. நரம்பின் அதட்டலே இல்லாமல் அந்த இதயம் வருஷக்கணக்காக ஓடுகிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

கயிறு எதனால் ஆனது என்று காட்டியவர் ஓட்டோ லோவி. 1921இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அது மிதந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலை. இந்தச் சோதனை கனவில் வந்ததாம். முதல் நாள் இரவு கிறுக்கிவைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார்.

வாளிக்குள் தலையை விடுமுன் ஒரு வார்த்தை: இதயக் கோளாறோ மயக்கம் வரும் வழக்கமோ உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். அவர்கள் நாடியைத் தொட்டபடி நிதானமாக மூச்சு விட்டுப் பார்க்கலாம். இழுக்கும்போது கொஞ்சம் விரைந்து, விடும்போது தணிவது பலருக்கு விரலுக்கே தெரியும். கயிற்றை இழுத்து விடுவதுதான் அது.