பார்த்து என்ன ஆகப்போகிறது?

2003 ஜனவரி 23ஆம் தேதி, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கொலம்பியா விண்ணோடத்தின் தளபதி ரிக் ஹஸ்பண்டுக்கும் விமானி வில்லியம் மெக்கூலுக்கும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. புறப்பாட்டின்போது வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியிருக்கிறது, இதற்கு முன்பும் சில பயணங்களில் இப்படி நடந்ததுண்டு, தரையிறங்குவது பற்றிக் கவலைப்பட எதுவுமே இல்லை என்பது அதன் சாரம். வீரர்களைப் பேட்டி காணவிருந்த நிருபர்கள் இதைப் பற்றிக் கேட்டுவைத்தால் அவர்கள் திகைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதையும் அனுப்பினார்கள். ஹஸ்பண்ட் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 1 காலை, தரையிறங்க இன்னும் பதினாறு நிமிடமே இருக்கையில் விண்ணோடம் டெக்சாஸ் வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தனர்.

நுரைத் துண்டு ஒன்று ஏழு உயிரைக் குடித்தது என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். அது பாதிக் கதை. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனைச் சுமக்கும் தொட்டியின் மேல் பனிக்கட்டி படியாமல் இருக்கத்தான் அந்த நுரைப் போர்வை. அதிலிருந்து ஏறத்தாழ 760 கிராம் எடையுள்ள துண்டு ஒன்று, ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட 82ஆவது விநாடி வாக்கில் பெயர்ந்தது. கையில் எடுத்தால் தெர்மாகோல் மாதிரிதான் இருக்கும். ஆனால் இறக்கையைத் தேடிப் பறந்தது நுரை இல்லை. பெயர்ந்த கணமே காற்று அதைத் தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டது, பின்னால் ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் வந்த விண்ணோடம் அதன்மேல் போய் இடித்தது. இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர். அடி விழுந்த இடமோ, திரும்பி வரும்போது 1,600 டிகிரி வெப்பத்தைத் தாங்க வேண்டிய இறக்கை முன்விளிம்பின் கார்பன் தகடு. விபத்துக்குப் பிறகு, அதே எடையுள்ள நுரையை அதே வேகத்தில் அத்தகைய தகடு ஒன்றின்மீது சான் அன்டோனியோவில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சுட்டுப் பார்த்தார்கள். தகட்டில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

அடி விழுந்த செய்தி மறுநாளே, ஜனவரி 17 அன்று, படச்சுருளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை அவர்களுக்கும் தோன்றியது. அமெரிக்க ராணுவத்திடம் வானத்தை உற்றுப் பார்க்கும் சக்திவாய்ந்த கருவிகள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு இறக்கையைப் படம் எடுத்துத் தரச் சொல்லலாமே. வெவ்வேறு வழிகளில் மூன்று முறை இந்தக் கோரிக்கை எழுந்தது. ஒரு கட்டத்தில் விமானப்படை வேலையைத் தொடங்கவும் செய்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் நாசாவே அதை நிறுத்திவைத்தது. படம் கட்டாயம் தேவை என்று கேட்டவர் யார், அதற்கு என்ன ஆதாரம் என்று நிர்வாகம் விசாரித்தது. சேதம் இருப்பதைக் காட்டினால்தான் படம், படம் எடுத்தால்தான் சேதம் தெரியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். ராட்னி ரோச்சா என்ற பொறியாளர் இந்த மறுப்பு பொறுப்பற்றதனத்தை நெருங்குகிறது என்று கடுமையாக ஒரு கடிதம் எழுதினார், மேலதிகாரிகளைத் தாண்டிச் செல்லத் தயங்கி அதை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

படம் இல்லாத நிலையில் கணக்கு போட்டார்கள். அதற்குக் கிடைத்த கணினி நிரல் மிகச் சிறிய துண்டுகள் மோதிய சோதனைகளை வைத்து உருவானது. கொலம்பியாவில் மோதிய துண்டு அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. இருந்தும் அந்த நிரல், அடி வெப்பக் காப்பு ஓட்டின் முழு ஆழத்துக்கும் இறங்கியிருக்கலாம் என்றே விடை சொன்னது. நிரல் எப்போதும் சற்று மிகைப்படுத்தும் என்று சொல்லி அந்த விடையைத் தள்ளிவைத்தார்கள். சோதனைகளின் வரம்பை இந்தத் துண்டு எவ்வளவோ தாண்டிவிட்டது என்ற ஒப்புதல், கூட்டத்தில் காட்டிய ஸ்லைடு ஒன்றின் கடைசி வரிகளில், சின்ன எழுத்தில் கிடந்தது. அதன் தலைப்பு மட்டும் ஆறுதலாக இருந்தது. (தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தலையாட்டும் கூட்டங்கள் நாசாவுக்கு மட்டும் சொந்தமில்லை.)

நடந்தபிறகு யார் வேண்டுமானாலும் புத்தி சொல்லலாம், அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துத்தானே எடைபோட வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான், அப்படியே எடைபோட்டுப் பார்க்கலாம். விண்ணோடத்தின்மீது எந்தப் பொருளும் மோதக் கூடாது என்பது வடிவமைப்பின்போதே எழுதிவைத்த விதி. முதல் பயணத்திலிருந்தே அந்த விதி மீறப்பட்டுவந்தது. ஒவ்வொரு முறையும் ஓடுகளில் வடு விழுந்தது, ஒவ்வொரு முறையும் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பியது. வடு என்பது பாதுகாப்புப் பிரச்சினை என்ற கணக்கிலிருந்து பராமரிப்புச் செலவு என்ற கணக்குக்கு மாறிப்போனது. கொலம்பியாவில் நுரை பெயர்ந்த அதே பகுதியிலிருந்து அதற்கு முன் ஆறு பயணங்களிலாவது நுரை பெயர்ந்திருக்கிறது. கடைசியாக அப்படி நடந்தது மூன்றே மாதம் முன்பு, 2002 அக்டோபரில். அட்லான்டிஸ் பயணத்தில் பெயர்ந்த துண்டு பக்கவாட்டு ராக்கெட்டின் அடிப்பகுதியில் மோதியது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள், ஆனால் அதற்குள் பயணங்களை நிறுத்தவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஒரு கட்டத்தை 2004 பிப்ரவரி 19க்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி மேலே இருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி என்று எண்ணிக் காட்டும் திரைக்காட்சியையே மேலாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகவே அவர்கள் கையில் தகவல் இல்லாமல் இல்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதையே அவர்கள் தகவலாக எடுத்துக்கொண்டார்கள். 1986இல் சேலஞ்சர் வெடித்ததற்கு முன்பும் ராக்கெட் மூட்டுகளின் ரப்பர் வளையங்களைப் பற்றி இப்படித்தான் நினைத்தார்கள்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு எண்ணம் இருந்தது. பார்க்க மறுத்ததற்கு அதைத்தான் முதல் காரணமாக நான் வைப்பேன். நாசாவில் பின்னாளில் விண்ணோடத் திட்டத்துக்கே தலைமை வகித்த வெயின் ஹேல், பத்தாண்டுகள் கழித்து அதை வெளிப்படையாக எழுதினார். வெப்பக் காப்பில் சேதம் ஏற்பட்டிருந்தாலும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியானால் தெரியாமலிருப்பதே மேல், வீரர்களும் அதையே விரும்புவார்கள் என்ற கருத்தில் உயரதிகாரி ஒருவர் அந்த நாட்களில் அவரிடம் பேசியிருக்கிறார். சொன்னவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அனுபவசாலி. அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி கருணை போலவும் ஒலிக்கும், நடைமுறை அறிவு போலவும் ஒலிக்கும்.

ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது சரிதானா? அட்மிரல் ஹெரால்டு கெமன் தலைமையிலான விசாரணைக் குழு இதை நாசாவிடமே ஆராயச் சொன்னது. வந்த பதில் பலரைத் திடுக்கிட வைத்தது. அடுத்த பயணமாக மார்ச் 1 அன்று கிளம்ப அட்லான்டிஸ் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. இரவு பகலாக வேலை செய்து, சில சோதனைகளைத் தவிர்த்தால் பிப்ரவரி 10ஆம் தேதி வாக்கில் ஏவியிருக்கலாம். கொலம்பியாவில் இருந்தவர்கள் அசைவைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாக இருந்தால், மூச்சில் வெளியேறும் கரியமிலவாயுவை உறிஞ்சும் குப்பிகள் பிப்ரவரி 15 வரை தாங்கும். இடையில் ஐந்து நாள். வானிலை கெட்டாலோ ஒரு வால்வு பழுதானாலோ போச்சு. அட்லான்டிஸும் அதே நுரைத் தொட்டியோடுதான் கிளம்ப வேண்டும் என்பதால் இன்னும் நான்கு பேரைப் பணயம் வைப்பதாகவும் ஆகியிருக்கும். ஏழு பேருக்காக நான்கு பேரா என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை எடைபோடும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த ஐந்து நாள் இடைவெளியும் முதல் வாரத்திலேயே சேதத்தைக் கண்டறிந்திருந்தால்தான் உண்டு. பார்க்காமல் கழித்த ஒவ்வொரு நாளும் அதைத் தின்றது. ஒன்றும் செய்ய முடியாது என்ற முடிவு அப்படித்தான் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொண்டது.

எதற்கெடுத்தாலும் ஆராய்ந்துகொண்டிருந்தால் விண்வெளிப் பயணமே நடக்காது, ஒவ்வொரு கீறலும் பீதியாகிவிடும் என்ற எதிர்வாதத்துக்குப் பதில் நாசாவின் பிந்தைய அனுபவத்திலேயே இருக்கிறது. 2005 ஜூலையில் டிஸ்கவரி கிளம்பியபோது தொட்டியிலிருந்து மறுபடி பெரிய துண்டு பெயர்ந்தது, நல்லவேளை, மோதவில்லை. இரண்டாண்டு உழைத்தும் நுரையை அடக்க முடியவில்லை. ஆனால் ரோபோ கையின் நுனியில் நீண்ட கம்பம் பொருத்தி இறக்கைகளை அங்குலம் அங்குலமாகப் பார்க்கவும், விண்வெளி நிலையத்தை நெருங்குகையில் விண்ணோடத்தைக் குட்டிக்கரணம் போட வைத்து அடிவயிற்றைப் படம் எடுக்கவும் கற்றிருந்தார்கள். 2007 ஆகஸ்டில் எண்டவரின் ஓட்டில் சுமார் 9 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குழி விழுந்தது. அளந்தார்கள், அதே மாதிரிக் குழியைத் தரையில் உண்டாக்கிச் சூடேற்றிப் பார்த்தார்கள், பழுதுபார்க்கத் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள். எண்டவர் பத்திரமாகத் திரும்பியது. கவலை வேண்டாம் என்ற 2003இன் அதே விடைதான், ஆனால் இந்த முறை பார்த்துவிட்டுச் சொன்ன விடை.

இப்போது விண்ணோடங்கள் இல்லை, வீரர்கள் அமரும் கலம் ராக்கெட்டின் உச்சியில் இருக்கிறது, மேலிருந்து விழ எதுவும் இல்லை என்பார்கள். ஏவும்போது வரும் ஆபத்தைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சுற்றுப்பாதையில் பல மாதம் கிடக்கும் கலத்துக்கு அடி வேறு திசையிலிருந்து வருகிறது. 2022 டிசம்பரில், நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் குளிரூட்டும் குழாயில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை விழுந்து திரவமெல்லாம் கொட்டியது. ரோபோ கையால் எட்டிப் பார்த்தார்கள், அதில் ஆட்களை இறக்குவதில்லை என்று முடிவெடுத்து, ஆளில்லாத மாற்றுக் கலத்தை அனுப்பினார்கள். 2025 நவம்பரில் சீனாவின் ஷென்ஷோ-20 கலத்தின் சன்னலில் நுண்விரிசல்கள் தென்பட்டன. விண்குப்பை மோதியிருக்கலாம் என்று சந்தேகித்து, மூவரையும் ஷென்ஷோ-21இல் திருப்பி அழைத்துவந்தார்கள். ஜியுசுவான் தளத்தில் அவசரத்துக்கென்று ஒரு ராக்கெட்டும் கலமும் தயாராக இருந்தன. மேலே தங்கிவிட்ட மூவருக்கு ஷென்ஷோ-22 போய்ச் சேரும்வரை பத்து நாளுக்கு மேல் நம்பகமான கலம் இல்லை என்ற குறையையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு நாடுகளும் 2003இன் நாசாவைவிடப் புத்திசாலிகளா என்று எனக்குத் தெரியாது. மாற்றுக் கலம் ஒன்று அவர்களிடம் இருந்தது, அதனால் பார்க்கப் பயப்படவில்லை.

2024இல் உந்துகலன் கோளாறோடு சென்ற ஸ்டார்லைனர் விஷயத்திலும் இதுவே நடந்தது. சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் நிறுத்திவைத்துக் கலத்தை மட்டும் இறக்கினார்கள். அது செப்டம்பரில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அழகாக இறங்கியது, உடனே பார்த்தீர்களா, ஆட்களோடே வந்திருக்கலாமே என்ற குரல்கள் எழுந்தன. பத்திரமாக வந்து சேர்ந்ததை வைத்து ஆபத்தே இல்லை என்று எண்ணும் அந்தக் கணக்கைத்தான் 2002 அக்டோபரிலும் போட்டார்கள்.

வீரர்களுக்கே தெரியாமலிருப்பது நல்லது என்ற கருத்து மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் தமிழ்நாடு அரசு துணிவுக்கான விருதைக் கல்பனா சாவ்லா பெயரில் வழங்குகிறது. பொருத்தமான பெயர்தான். ஆனால் தன் இறக்கையில் விழுந்த அடி பற்றி எதையும் முடிவெடுக்கும் இடத்தில் அவரை யாரும் வைக்கவில்லை. 1988இல் அட்லான்டிஸின் ஓடுகள் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சிதைந்தபோது, தளபதி ராபர்ட் கிப்சன் ரோபோ கையின் கேமரா வழியே தன் கண்ணாலேயே அதைப் பார்த்தார், கவலை வேண்டாம் என்று தரை சொன்னதை நம்ப மறுத்தார். ஹஸ்பண்டுக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பயணத்தில் கொலம்பியாவில் ரோபோ கை இல்லை, அடிபட்ட இடம் எந்தச் சன்னலிலிருந்தும் தெரியாது. வெளியே போய் எட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அது முடியக்கூடியதே என்று பின்னால் விசாரணைக் குழு கண்டது. மைக்கேல் ஆண்டர்சனும் டேவிட் பிரவுனும் அதற்குப் பயிற்சி பெற்றிருந்தார்கள். அவர்களுக்கான இரண்டு விண்வெளி உடைகள் அந்தப் பதினாறு நாளும் கலத்துக்குள் சும்மா இருந்தன.