ஸ்டெப்னி இருந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

லாரியில் கட்டாயம் இருக்கவேண்டியது என்னவென்று கேட்டால் நம்மில் பலரும் ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி, சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிய நாலு ஸ்பேனர் என்று சொல்லி முடித்துவிடுவோம். மற்றதற்கெல்லாம் வழியில் பட்டறை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். நம் நெடுஞ்சாலையில் அந்தத் தைரியம் செல்லுபடியாகும். ஆனால் ஐம்பது வருடப் பழைய ராணுவ டிரக் ஒன்றை, அதன் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காத ஊர் வழியாக ஓட்டிப் போகிறவன் பெட்டியில் எதை வைத்துக்கொள்ள வேண்டும்? விளையாட்டுக் கேள்வி போலத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால், நாம் படிக்கிற பாடத்தில் பாதி இந்தக் கேள்விக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் நாட்டில் ராணுவ டிரக் என்றால் சக்திமான். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் செய்தது. ஆனால் எனக்கு முழுக் கையேடும் படிக்கக் கிடைத்தது அமெரிக்காவின் எம்-35 டிரக்குக்குத்தான். அதனால் அந்த வண்டியை வைத்தே பேசுகிறேன். 1950இல் ரியோ கம்பெனி செய்யத் தொடங்கியது. காட்டுப் பாதையில் இரண்டரை டன், நல்ல ரோட்டில் ஐந்து டன் ஏற்றலாம். மூன்று ஆக்சிலுக்கும் இழுவை உண்டு. பத்து டயர், அளவு 9.00-20. நம்மூர் லாரிக்காரர்கள் வெகுகாலம் புரட்டிய அதே அளவு என்பதால் படிக்கும்போதே ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

இந்த டிரக்கோடு ராணுவம் ஒரு கருவிப் பெட்டியும் கொடுத்தது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், சுத்தியல், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். வெளியே மாட்டி வைக்கக் கோடாரி, மண்வாரி, குந்தாலி. இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அவர்கள் பழுதுபார்ப்பைப் படிப்படியாகப் பிரித்திருந்தார்கள். டிரைவர் செய்வது முதல் படி. படைப்பிரிவு மெக்கானிக் இரண்டாம் படி. அதற்கு மேல் பட்டறை வண்டிகள், கடைசியில் டிப்போ. வண்டியில் கிடந்த பெட்டி முதல் படிக்கு மட்டும்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் ஓடிய 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' இதற்கு நல்ல சாட்சி. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, எம்-35க்கு முந்தைய தலைமுறையான ஜி.எம்.சி. டிரக்குகள் இரவு பகலாகச் சரக்கு ஏற்றின. உச்சத்தில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வண்டிகள். டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். வண்டி நின்றுபோனால் ஓரம் கட்டுவார்கள், பழுதுபார்க்கும் குழு தேடி வரும், முடியாவிட்டால் கட்டி இழுக்கும் வண்டி வரும். டிரைவரிடம் சின்னப் பெட்டி இருந்தது என்றால், பின்னால் ஒரு பட்டாளமே மெக்கானிக்குகள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

இன்று எம்-35 ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பட்டாளம் கிடையாது. ராணுவம் கழித்துவிட்ட பிறகு அமெரிக்காவில் விவசாயிகளும் பழைய வண்டிப் பிரியர்களும் வாங்கிக்கொண்டார்கள். கிராமங்களில் சம்பளமில்லாமல் தொண்டு செய்கிற தீயணைப்புக் குழுக்களுக்கு வனத்துறை மூலமாகவும் போயிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி ஏற்றிக் காட்டுத்தீக்குள் போகிற வண்டி. ஆயிரம் லிட்டர் ஏற்றினால் ஒரு டன். அப்படிப் போகிறவன் ராணுவம் கொடுத்த பழைய பட்டியலை மட்டும் நம்பினால், பட்டியல் எழுதியவர்கள் எண்ணிய மெக்கானிக் வராமலே அவன் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆகவே இரண்டாம் படியிலிருந்து கொஞ்சம் முதல் படிப் பெட்டிக்கு இறங்கி வரவேண்டும் என்பது என் கட்சி. எந்தக் கொஞ்சம் என்பதில்தான் சண்டையே.

நான் முதலில் வைப்பது பிரேக் சாமான். பலர் ஃபேன் பெல்ட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். பெல்ட் போனால் வண்டி நகராது, அவ்வளவுதான். பிரேக் போனால் வண்டி நிற்காது. எம்-35இல் பிரேக் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கிறது, காற்று அதற்குக் கைகொடுக்கிறது. காற்று போய்விட்டால் பெடல் கல்லு மாதிரி ஆகும், முழு பலத்தோடு மிதித்தால் ஓரளவு பிடிக்கும். ஆயில் போனால் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, சர்க்யூட்டும் ஒன்று. ஆறு சக்கர முனைகளில் ஏதோ ஒன்றில் ஒரு ரப்பர் கப் கிழிந்தால் மொத்த ஆயிலும் அந்த வழியாகப் போய்விடும். 1968 முதல் அமெரிக்கக் கார்களுக்கு இரட்டை சர்க்யூட் கட்டாயமானது. அந்தப் பாதுகாப்பு இல்லாத பழைய வடிவம் இது. ஆகவே பிரேக் ஹோஸ், ஒரு வீல் சிலிண்டர், பைப் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், காற்றெடுக்க ஒரு முழம் ரப்பர் குழாய் இவை பெட்டியில் இல்லாமல் கிளம்பக் கூடாது. எல்லாம் சேர்த்தாலும் ஒரு கையில் தூக்கலாம்.

ஆயிலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1980களில் அமெரிக்க ராணுவம் தன் வண்டிகளைச் சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாற்றியது. ஊதா நிறம், டாட் 5 என்று பெயர். கடைகளில் சாதாரணமாக விற்கும் டாட் 3 அதோடு கலக்காது. அவசரத்தில் எதையாவது வாங்கி ஊற்றினால் சிஸ்டம் முழுவதையும் பிறகு கழுவ வேண்டிவரும். எனவே தன் வண்டியில் இருக்கிற அதே ஆயில் ஒரு டின் கூடவே வரவேண்டும். பல்புக்கும் இதே கதை. வண்டி 24 வோல்ட், இரண்டு பேட்டரி சீரிஸில். வழியில் கிடைக்கிற 12 வோல்ட் கார் பல்பைப் போட்டால் பளிச்சென்று எரிந்து உடனே ஃபியூஸ் ஆகிவிடும்.

அடுத்தது சக்கரம். பின்பக்கம் இரட்டை டயர். வெளிச் சக்கரத்தைப் பிடிப்பது ஆறுபட்டை நட்டு, அதற்கு ஒன்றரை அங்குல வாய் வேண்டும். அதைக் கழற்றினால் உள்ளே, உள் சக்கரத்தைப் பிடிக்கும் இன்னொரு நட்டு, அதன் தலை சதுரம். சதுர முனை இல்லாத ஸ்பேனரோடு போனவன் உள் டயர் பஞ்சரானால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம். இன்னொன்று, வண்டியின் இடப்பக்க நட்டுகள் எல்லாம் எதிர் மரை. போல்ட் முனையில் 'எல்' என்று ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் இரும்புக் குழாய் செருகி நாலு பேர் தொங்கினால் இன்னும் இறுகும், இல்லையென்றால் போல்ட் ஒடியும்.

நான் வேண்டவே வேண்டாம் என்கிற சாமானும் இங்கேதான் இருக்கிறது. டயர் லிவரும் ட்யூபும் எடுத்துப்போய், ரோட்டோரத்திலேயே டயரைக் கழற்றி மாட்டலாம் என்கிறார்கள். இந்த டிஸ்க் லாக் ரிங் வைத்தது. ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது தெறிக்கும், தெறித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். 1980இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் இப்படிப்பட்ட டிஸ்க்குகளுக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று விதி போட்டது. ரோட்டோரத்தில் கூண்டுக்கு எங்கே போவது? காற்றோடு தயாராக இருக்கும் முழு ஸ்டெப்னி கொண்டு போ, இரண்டு முடிந்தால் இரண்டு. லிவரை வீட்டில் வை.

டீசல் ஃபில்டர், கேஸ்கெட், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், பெல்ட் (பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்), கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப். இவை பற்றி யாருக்கும் தகராறு இல்லை. இஞ்செக்ஷன் பம்ப், ஸ்டார்ட்டர், கியர் பாக்ஸ் பாகம் என்று பாதி டிரக்கைத் தூக்கி டிரக்கிலேயே போடுகிறவர்களும் உண்டு. மண் தரையில் துணி விரித்து இஞ்செக்ஷன் பம்பைப் பிரிக்கிறவன் கையில் வித்தை இருக்கலாம், ஆனால் அதைத் திரும்ப அளவு வைக்க பெஞ்ச் வேண்டாமா? அந்தப் பாரத்துக்குப் பதில் தண்ணீர் ஒரு கேன் எடுத்துப் போகலாம். (அந்த 20 லிட்டர் ஜெர்ரி கேனுக்கு மூன்று கைப்பிடி ஏன் என்று கவனித்திருக்கிறீர்களா? நிரம்பியதை இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரம் பிடிக்கலாம், காலியானதை ஒரே கையில் இரண்டு தூக்கலாம். ஜெர்மன்காரன் மூளை!)

ஸ்பேர் வைத்திருப்பதாலேயே நிம்மதி வந்துவிடக் கூடாது. ராணுவக் கிடங்கில் ஒட்டிய உறை பிரியாமல் கிடந்த ரப்பர், புதுசு மாதிரியே இருக்கும். உறையில் தயாரித்த காலாண்டும் வருடமும் அச்சிட்டிருக்கும். 1970களின் தேதி போட்ட ஹோஸை மாட்டினால் பழுதைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியதாகவே அர்த்தம். வைக்கிற இடமும் முக்கியம். கேபினில் ஜாக்கியைச் சும்மா போட்டு வைத்தால் ஒரு சடன் பிரேக்கில் அது டிரைவரின் மண்டைக்கு வரும். கனமானது கீழே, கட்டி வைத்து. சின்னச் சாமானுக்கு ரப்பர் ஓரம் வைத்த பழைய தோட்டாப் பெட்டி நல்லது, மழைத் தண்ணீர் இறங்காது.

இதையெல்லாம் டிரைவருக்குச் சொல்ல அமெரிக்க ராணுவம் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1951இல் 'பி.எஸ்.' என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். பராமரிப்பு முழுவதும் படக்கதையாக. 1971 வரை அதில் படம் போட்டவர் வில் ஐஸ்னர், பெயர்பெற்ற காமிக்ஸ் ஓவியர். தடித்த கையேட்டை எல்லாரும் புரட்ட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் அப்பா கிளீனராக ஏறி டிரைவர் ஆனவர். எழுத்துக் கூட்ட வராது. டேங்க் ஒழுகினால் பார் சோப்பை அமுக்கி அடைத்து ஊர் வந்து சேருவார், இருட்டில் தடவியே பதினேழு பத்தொன்பது ஸ்பேனரை எடுப்பார். எம்-35 பெட்டியைப் பற்றி நான் படித்துச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பிரேக் கப்பு வச்சிருக்கானா?" ஆனால் புதிதாக வரும் கிளீனர் பையனுக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள்? திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்கிறான்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு யோசனை வைக்கிறேன். ஒரு பக்கத் தாளில், எழுத்துக் குறைவாக, படம் அதிகமாக, லாரிப் பெட்டியில் இருக்கவேண்டிய சாமான், எதிர் மரை நட்டை அடையாளம் காண்பது, லாக் ரிங் டிஸ்க்குக்குக் காற்றடிக்கும்போது எங்கே நிற்கக்கூடாது, இவற்றை வரைந்து அச்சடிப்போம். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுகிற அளவில் இருந்தால் போதும். வரைய நம் வகுப்பிலேயே கை இருக்கிறது. லாரி ஸ்டாண்டில் கொடுக்க நான் வருகிறேன். அப்பா ஓட்டுகிற வண்டியின் பெட்டி மூடிக்கு முதலாளியிடம் கேட்டாகிவிட்டது, ஒட்டிக்கொள் என்றிருக்கிறார்.