வார்ப்புப் பாறையும் வாளி ஜலமும்

கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் தம் கையாலேயே பாறை வார்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவிவருவதை இவ்விதழ் மனமார வரவேற்கிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைக் கொண்டே தொட்டி நீரைச் சுத்தமாக வைத்திருக்கலாம் என்று 1961இல் எழுதிய காலந்தொட்டு, பாறையே தொட்டிக்கு ஆதாரம் என்பதில் அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. ஆனால் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்டிருந்த மன்னார் வளைகுடாவில், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல்லாண்டு காலம் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே போயின என்பதையும், பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன என்பதையும் அறிந்த நாம், கடலில் கைவைக்காமல் வீட்டு முற்றத்தில் பாறை செய்ய முற்படுவதே தர்மம்.

ஆகவே, சிமெண்டோடு சேர்க்கும் சரக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எவரும் அலட்சியம் செய்தல் ஆகாது. பவளத்தைக் காப்பாற்றுவதற்கென்று பாறை வார்த்துவிட்டு, அந்த வார்ப்புக்குள் பவள நொறுக்கையே கொட்டுவது எவ்வகையிலும் நியாயமன்று; கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு தாராளமாகப் போதும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு நொறுக்கைக் கூட்டி, கையில் பிடித்தால் உருண்டை நிற்குமளவுக்கே நீர் தெளித்துப் பிசைந்து, கடைசியாகக் கல்லுப்பைக் கலந்து, ஈரமணலில் தோண்டிய குழியில் இட்டு வார்த்தால், உப்பு பின்னர் ஊறலில் கரைந்து வெளியேறி, உடைத்துப் பார்ப்பவர் கண்ணுக்குச் சதுரஞ்சதுரமான சிறு பொந்துகளாகத் தென்படும். அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையின் மேற்பரப்பில் குடியேறும். நைட்ரேட்டைச் சிதைப்பவையோ பிராணவாயு குறைந்த உட்பொந்துகளையே நாடுமாதலால், இந்தப் பொந்துகள் இல்லாத பாறை வெறும் அலங்காரப் பொருளே. வளைவுகளுக்குள் இரும்புக் கம்பி வைப்பது கூடவே கூடாது. உப்புநீர் ஊடுருவித் துரு பருத்தால் பாறை பிளந்துவிடும். பிவிசி குழாயே உசிதம்.

நாம் விசேஷமாக வற்புறுத்த விரும்புவது பதப்படுத்தும் விஷயத்தை. சிமெண்டு இறுகும்போது பிறக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, ஊறும் நீரின் பிஎச் அளவை 12க்கு மேலும் ஏற்றவல்லது. கடல்நீருக்கோ சுமார் 8.2தான் இயல்பு. ஊறலின் மேல் மெல்லிய வெண்படலம் படர்வதைப் பலரும் கண்டிருப்பர். வெளிவந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடித் திரண்டதே அது. வினிகரில் ஊறவைத்துக் காரியத்தைத் துரிதப்படுத்துவோர் மேற்பரப்பை மாத்திரமே கழுவுகின்றனர்; உள்ளே தங்கிய காரம், தொட்டியில் இறக்கியபின் மெல்லக் கசிந்து பிஎச்சை ஏற்ற, அதுவரை பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக இருந்தது நச்சு அமோனியாவாக மாறி மீன்களை மாய்க்கும்போது, பழி மீன் விற்றவர்மேல் விழுகிறது.

ஈரச்சாக்கு போர்த்தி நான்கு வாரம் வைப்பதும், பிறகு நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பதும் அவசியமே. ஆயினும் நாட்கணக்கை மாத்திரம் நம்புதல் தகாது, ஏனெனில் உள்ளங்கையளவு துண்டு சீக்கிரம் பதப்படும், முழங்கையளவு தூண் வெகுகாலம் காரம் கக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வடிகட்டிய நல்ல நீர் நிரம்பிய வாளியில் இட்டு, காற்றுக் குமிழ் விட்டு, நீரை மாற்றாமல் இரண்டு நாள் வைத்து அளப்பதே சரியான பரீட்சை, பிஎச் 8.4ஐத் தாண்டினால் அந்தத் துண்டு மீண்டும் ஊறலுக்கே போகவேண்டும்.

அடுத்த இதழ் முதல், பாறை வார்ப்பு பற்றிய கட்டுரைகளை அனுப்பும் அன்பர்கள் கலவையின் அளவோடு, நொறுக்கு வாங்கிய விதத்தையும், கடைசி வாளியின் அளவீட்டையும் தவறாமல் எழுதியனுப்ப வேண்டுகிறோம். இவ்விரண்டும் இல்லாதவை, படங்கள் எவ்வளவு சிறப்பாயிருப்பினும், பிரசுரிக்கப்பட மாட்டா.