அப்பாவின் புல்லட்: விற்பதா, வைத்திருப்பதா?

சிறுசேரி சிப்காட் வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள், ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள் என்று வரிசை கட்டி வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். ‘டுப்... டுப்... டுப்...’ திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், புல்லட்! பெரும்பாலும் அது புது மாடலாக இருக்கும். எப்போதாவது ஒன்று, அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பழைய வண்டியாக இருக்கும்.

அந்தப் பழைய வண்டி பல வீடுகளில் முடிவுக்கு வராத ஒரு வழக்கு. அப்பா காலமாகிவிட்டார், அல்லது முழங்கால் வலி, கிக்கரை மிதிக்க முடியவில்லை. வண்டி போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிற்கிறது. “துருப்பிடிச்சுப் போறதுக்குள்ள யாருக்காவது கொடுத்துடலாம்டா” என்கிறார் அம்மா. “அது அப்பா வண்டிம்மா” என்கிறான் மகன். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், வழக்கைத் தீர்க்க வேண்டியது பாசம் மட்டும் அல்ல. அந்த வண்டி தினமும் என்ன கேட்கும், அதை உங்களால் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர் வண்டி

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி. 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1932இல் வந்தது. இந்திய ராணுவத்துக்கு இந்த வண்டி தேவைப்பட, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உதிரிபாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் 1970இல் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் திறந்தன. 

இந்த வரலாற்றில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. உலகத்தில் வேறு எந்தப் பழைய வண்டிக்கும் இல்லாத அளவுக்கு இதற்கு உதிரிபாகமும் கை தேர்ந்த மெக்கானிக்கும் சென்னையைச் சுற்றியே கிடைக்கும். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்காத புல்லட் சாமான் குறைவு.

எந்த எஞ்சின்?

முதலில் வண்டி எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 346 சிசி. பிஸ்டனின் அகலம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். தூரம் அதிகம் என்பதால் நிதானமாகச் சுற்றும். அந்த ‘டுப் டுப்’ சத்தமும், டாப் கியரிலேயே மெதுவாக இழுக்கும் குணமும் அதிலிருந்து வருபவை. எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி.

2009இல் வந்த ‘கிளாசிக்’ வண்டியில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருந்தன. 2020இல் ‘மீட்டியோர்’ வண்டியோடு இப்போதைய 349 சிசி எஞ்சின் வந்தது. இவை இரண்டும் நவீன வண்டிகள். சர்வீஸ் கையேட்டைப் பின்பற்றினால் போதும். ‘பராமரிப்பு’ என்று பெரிதாகப் பேச வேண்டியது வார்ப்பிரும்பு வண்டிக்குத்தான்.

பலம் வேண்டாம், பக்குவம் போதும்

“கிக்கர் திருப்பி அடிச்சுடும்” என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. பயம் நியாயமானதுதான். இக்னிஷன் டைமிங் தப்பாக இருந்தாலோ, பாதி மிதியில் காலை எடுத்தாலோ கிக்கர் கணுக்காலைப் பதம் பார்க்கும். முறை தெரிந்தால் பயம் வேண்டாம்.

சாவியைத் திருப்புங்கள். ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்ப் மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள், உதைக்க வேண்டாம். ஓர் இடத்தில் கால் இறுகும், முள்ளும் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே கையில் உள்ள டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை ஒரு துளி கீழே தள்ளுங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது ஒரே மிதியாக, அடி வரைக்கும் மிதியுங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கத் தேவையில்லை.

இதில் உடல் பலத்துக்கு வேலை இல்லை. அதனால் அப்பா வண்டி மகனுக்குத்தான் என்பதும் இல்லை. பொறுமை உள்ள மகளுக்கும் இந்த வண்டி கிளம்பும்.

மூன்று நான்கு மிதிக்கும் கிளம்பாவிட்டால் வண்டியோடு சண்டை போடாதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், துடைத்துக் காயவிடுங்கள். கறுப்புக் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பிளக் சரியாக இருந்தால் அடுத்து பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த இரண்டு முகங்களும் கருகிப் போயிருந்தால் பொறி பலமாக வராது.

வாரம் ஒரு மணி நேரம்

பழைய புல்லட் கேட்பது பணத்தைவிட நேரத்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஆயில்: பல நாள் நின்ற வண்டியில் ஆயில் டேங்கிலிருந்து மெல்ல அடியில் உள்ள எஞ்சின் அறைக்கு இறங்கிவிடும். அப்போது குச்சியை விட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, பிறகு பாருங்கள்.

டேப்பெட்: எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி விரலால் திருப்பினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த வேலையை முதல் சில தடவை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். “அண்ணே, டேப்பெட் சத்தம் வருதே?” என்று கேட்டால், “லேசா வந்தா வரட்டும் தம்பி. சத்தமே இல்லாம டைட்டா இருந்தாத்தான் பயப்படணும்” என்பார். அவர் சொல்வது சரி. டைட்டாக வைத்தால் வால்வு சரியாக மூடாது, சூட்டில் கருகிவிடும்.

செயின்: நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் 25 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு இருக்கலாம். இறுக்கிக் கட்டினால் பேரிங் தேயும். தொளதொளத்தால் பல் தேயும்.

டயர் காற்று: முன் சக்கரத்துக்கு 18 முதல் 20, பின் சக்கரத்துக்கு 28 முதல் 30. பெட்ரோல் பங்கில் “ரெண்டுக்கும் முப்பது வைப்பா” என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். முன் சக்கரம் கல்லாகிவிட்டால் மணலில் வழுக்கும்.

கடைசியாக, ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெரிகிற நட்டு போல்ட்டையெல்லாம் தொட்டுப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஒவ்வொன்றாகத் தளரும். நம்பர் பிளேட் தொலைந்தால் செலவோடு போகும். பிரேக் கம்பியின் நட்டு தொலைந்தால் அப்படிப் போகாது.

கடற்கரை ஊரின் தொல்லை

சிறுசேரிக்காரர்களுக்கு ஒரு பெரிய சுகம் உண்டு. கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பி, உப்பளங்களைத் தாண்டி, கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், திருவிடந்தை, வடநெம்மேலி வழியாக மாமல்லபுரம். முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மணிக்கு 60, 65 வேகத்தில் பழைய புல்லட்டுக்கு இதைவிட நல்ல பாதை அமையாது.

ஆனால், அந்த உப்பளத்துக்கு உப்பைத் தரும் கடல், வண்டியையும் விட்டுவைக்காது. சக்கரக் கம்பிகள், ரிம், சைலன்சர், பாட்டரி முனைகள் ஆகியவற்றில்தான் துரு முதலில் தெரியும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது உதவாது. இன்னும் உப்பைப் பூசிவிடும். ஒரு வாளி குடிநீர் போதும். உலர்ந்த பிறகு குரோம் பாகங்களிலும் சக்கரக் கம்பிகளிலும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடையுங்கள். பிரேக் டிரம் பக்கம் மட்டும் எண்ணெய் போகக் கூடாது. பாட்டரி முனையில் வாசலின் தடவுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணியே நல்லது.

பெட்ரோலிலும் கவனம் வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியில் டேங்க் உள்ளே துருவும், கார்பரேட்டரில் பிசினும் சேரும். பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுப்போகும். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது இந்தப் பகுதிக்குப் புதிது இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூழ்கிய வண்டியைக் கிக்கர் மிதித்துப் பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்பாகம் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, ஆயிலை முழுக்க வடித்து, புது ஆயில் ஊற்றிய பிறகே மற்றதெல்லாம்.

கால் மாறினால் ஆபத்து

இதுதான் வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் நேர் எதிர். போதாததற்கு, பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே.

என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாரம் முழுக்க வேறு பைக் ஓட்டும் மகன், ஞாயிறன்று அப்பா வண்டியை எடுக்கிறான். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கும் ஓ.எம்.ஆரில் திடீரென்று ஒருவர் குறுக்கே வருகிறார். பதற்றத்தில் வலது கால் அழுத்துகிறது. அங்கே பிரேக் இல்லை. வண்டி நிற்பதற்குப் பதில் அடுத்த கியருக்குப் போகிறது.

அதனால், மெயின் ரோட்டுக்கு வரும் முன் பல நாள் காலி இடத்தில் ஓட்டிப் பழக வேண்டும். கால் மறக்காத வரைக்கும் பின்சீட்டில் யாரையும் ஏற்றக் கூடாது. டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்ஸும் இல்லாத வண்டி இது; முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். பின்சீட்டுக்காரருக்கும் ஹெல்மெட் கட்டாயம். புடவை கட்டி உட்காருபவருக்குப் பின் சக்கரத்தில் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டமே.

பேப்பரைப் பாருங்கள்

பாசத்தில் பலர் மறப்பது ஆர்.சி. புத்தகத்தை. உரிமையாளர் காலமானால், வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸையும் அதே பெயருக்கு மாற்றுங்கள். காலமானவர் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓட்டி, ஒரு விபத்து நடந்தால், இழப்பீட்டுக்குக் குடும்பம்தான் அலைய வேண்டும். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அபராதம் கட்டியாவது மாற்றிவிடுங்கள். அப்பா இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்கவும் இப்போது வழி இருக்கிறது.

15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, வண்டிச் சோதனை, பசுமை வரி. பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை. ஐம்பது வருடம் கடந்த வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு என்று 2021இல் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால், அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டக் கூடாது. ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்ட நினைப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆக, தீர்ப்பு என்ன?

வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வீட்டில் ஒருவர் இருக்கிறாரா? பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டுவாரா? காலைப் பழக்கும் வரை அவசரப்படாமல் இருப்பாரா? பேப்பர் அவர் பெயருக்கு மாறிவிட்டதா? நான்குக்கும் ‘ஆமாம்’ என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்குக்கூட ‘இல்லை’ என்றால், அம்மா சொல்வதையும் யோசியுங்கள். போர்ட்டிகோவில் துருப்பிடித்து நிற்பதைவிட, தெரிந்த ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருப்பது வண்டிக்கு நல்லது. கொடுப்பதென்றால் பெயரை மாற்றிக் கொடுங்கள். டிக்கியில் அப்பா வைத்திருக்கும் பழைய ஸ்பேனர் செட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது எந்த வண்டிக்கும் உதவும்.